பாட்டு நிறைய இருக்கிறது, வேதம் எங்கே? – பிரிக்பீல்ட்ஸ் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் மூன்று வருடமாக ஆராதனை நடத்துகிறீர்கள். கீபோர்ட், கிட்டார், டிரம்ஸ், திரையில் பாட்டு வரிகள் எல்லாம் உண்டு. பெரியவர்கள் சிலர், "இது கச்சேரி மாதிரி இருக்கிறது, வேதத்துக்கு இடமே இல்லை" என்கிறார்கள். இளையவர்களோ இதையும் எடுத்துவிட்டால் ஆங்கில ஆராதனைக்குப் போய்விடுவோம் என்கிறார்கள். "அங்கிள், இன்றைய ஆராதனையை வேதத்தின்மேல் நிற்கவைப்பது எப்படி? வசனத்தை அப்படியே பாட்டாக்கினால் போதுமா? இல்லை, பழைய பாட்டுப் புத்தகமான பாமாலைக்கே திரும்பிவிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் உங்கள் வயதில் கிட்டாரோடு முன்னால் நின்றவன்தான். அப்புறம் வேதபாடம் நடத்தப் போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். என் பதில் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

வாத்தியக் கருவிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 150-ஆம் சங்கீதம் எக்காளத்தையும் தம்புருவையும் பேரோசையுள்ள கைத்தாளங்களையும் வரிசையாகக் கூப்பிடுகிறது. சத்தம் கூடாது என்று அந்தச் சங்கீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது. உங்கள் டிரம்ஸை மூலையில் போட்டுவிட்டுப் பழைய ஆர்மோனியத்தை எடுத்தாலும், நான் கீழே சொல்லப்போகிற குறை அப்படியே இருக்கும்.

நம் பெரியவர்கள் பழமை என்று மதிப்பதே ஒரு காலத்தில் புதுமைதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1774-இல் பிறந்தவர், சரபோஜி மன்னரைப் போலவே ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். அன்று மேடைகளில் மக்கள் ரசித்துக் கேட்ட வடிவம் குறவஞ்சி. குறத்தி வந்து குறி சொல்கிற அந்த வடிவத்தை எடுத்து அவர் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். வடிவம் ஊர் வடிவம், உள்ளே இருந்தது வேதம். அவர் கீர்த்தனைகளையும் பாருங்கள். பல்லவி ஒன்றைச் சொல்லும், சரணங்கள் ஒவ்வொன்றாக அதன் காரணத்தைச் சொல்லிக்கொண்டே போகும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட பல்லவிக்குத் திரும்பி வரும்போது ஒரு வேதக் கதையை முழுசாகக் கேட்டு முடித்திருப்பாள். நம் கோரஸ்களில் நழுவிப்போனது பெரும்பாலும் இந்தச் சரணங்கள்தான். பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டு பத்துத் தடவை பாடுகிறோம்.

கொலோசெயர் 3:16-ஐத் தமிழில் வாசிக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. "கிறிஸ்துவின் வசனம் உங்களுக்குள்ளே சகல ஞானத்தோடும் பரிபூரணமாக வாசமாயிருப்பதாக, சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு" என்று போகிறது. கீர்த்தனை, ஞானப்பாட்டு – இரண்டும் நம் பாட்டுப் புத்தகங்களின் பெயர்கள்! பவுல் சொல்வதைக் கவனியுங்கள். தங்கியிருக்க வேண்டியது வசனம், அதற்கு வழி பாட்டு. பாட்டில் ஒருவருக்கொருவர் போதிக்கிறோம் என்கிறார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரசங்கியாருக்கு முன்பாகவே சபைக்குப் போதிக்கிறவர் நீங்கள். ஒரு வருடம் முழுக்க உங்கள் பாட்டுகளை மட்டும் கேட்ட ஒருவருக்குத் தேவனைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? உங்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நாங்கள் ஒருமுறை கேட்டோம். நான்கு வாரப் பாட்டுகளை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, வண்ணப் பேனாவால் கோடு போட்டோம். தேவன் என்ன செய்தார் என்று சொல்லும் வரிகளுக்குப் பச்சை, நான் என்ன செய்வேன், எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் வரிகளுக்குச் சிவப்பு. ஒரு மணி நேரத்தில் மேசை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சிலுவை என்ற சொல் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது, பாவ அறிக்கை எதிலுமே இல்லை. யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை. நல்ல மெட்டு, சபைக்குப் பிடித்தது, டிரம்ஸுக்குப் பொருந்துவது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் வந்து நின்ற இடம் அது. "நான்" என்ற சொல்லே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தாவீதின் சங்கீதங்களில் அது நிறைய உண்டு. ஆனால் அவர் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் விடுவது அபூர்வம்.

சரி, இப்போது நான் முக்கியமாக நினைப்பது. வருகிற ஞாயிறு ஒரு கைக்கடிகாரத்தோடு உட்காருங்கள். பாட்டுக்கு எத்தனை நிமிடம், அறிவிப்புக்கு எத்தனை, பிறந்தநாள் வாழ்த்துக்கு எத்தனை, வேத வாசிப்புக்கு எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஒழுங்கில் ஆராதனை நடத்துகிற சபைகளில், லுத்தரன் என்றாலும் ஆங்கிலிக்கன் என்றாலும், பழைய ஏற்பாடு ஒரு பகுதி, சங்கீதம் மாற்றி மாற்றி, நிருபம் என்கிற அப்போஸ்தலர் கடிதம், சுவிசேஷம் என்று நான்கு முறையாவது வேதம் வாயால் வாசிக்கப்படும், காதால் கேட்கப்படும். பாட்டு நேரம் நீண்டபோது பல சபைகளில் சத்தமில்லாமல் வெளியே போனது இந்த வாசிப்புகள்தான். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. நேரம் போதவில்லை என்று முதலில் நிருபம் போனது, பிறகு பழைய ஏற்பாடு, கடைசியில் பிரசங்கத்துக்கு முன் இரண்டு வசனம் என்று ஆகிவிட்டது. "கச்சேரி" என்று உங்கள் பெரியவர்கள் சொல்வதில் உள்ள நியாயம் இதுதான். அவர்கள் டிரம்ஸைக் காட்டுகிறார்கள், வலி வேறு இடத்தில் இருக்கிறது.

பவுல் தீமோத்தேயுவுக்கு, "நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு" என்று எழுதுகிறார். வாசிக்கிறது என்று அவர் சொல்வது சபையின் முன்னால் வாசிப்பதை. அன்று வீட்டுக்கு ஒரு வேதாகமம் ஏது? இயேசுவும் நாசரேத்தில் எழுந்து நின்று ஏசாயாவின் புஸ்தகத்தை வாசித்தார். ஏறக்குறைய கி.பி. 155-இல் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற ஆதிச்சபை எழுத்தாளர், ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் இடங்கொடுக்கிறவரை வாசிக்கப்படும், பிறகு தலைமை தாங்குகிறவர் புத்தி சொல்வார், எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள், பிறகு அப்பமும் திராட்சரசமும். அன்று நேரத்தைப் பிடித்துக்கொண்டது வாசிப்பு.

ஆனால் வாசிப்பை வெறுமனே திரும்பக் கொண்டுவந்தால் அது மூன்றே வாரத்தில் செத்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். நெகேமியா 8:8-ஐப் பாருங்கள்: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." தீர்க்கமாக என்பது எங்கள் சபையில் எப்படி இருந்தது தெரியுமா? ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, வாசலில் நிற்கிற யாரோ ஒருவரைப் பிடித்து, "பிரதர், இன்றைக்கு நீங்கள் வாசியுங்கள்" என்போம். அவர் கண்ணாடியைத் தேடி, பக்கத்தைத் தேடி, எபூசியரும் எமோரியரும் வருகிற வரியில் தடுக்கி விழுந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்குவார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. பாட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒத்திகை, வேதத்துக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. உங்கள் குழுவில் எத்தனை பேர் தமிழ் எழுத்து வாசிப்பார்கள்? மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள், ஆனால் திரையில் வரி ஆங்கில எழுத்தில் வந்தால்தான் பாடமுடியும். அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த எழுத்து இல்லையென்றால் அவர்கள் வாயே திறக்க முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். பாட்டு அவர்களுக்குத் தமிழில் கிடைக்கிறது, வேதம் கிடைப்பதில்லை. "கிருபாசனம்" என்று கை உயர்த்திப் பாடுகிற பிள்ளையிடம் அது என்னவென்று கேட்டிருக்கிறேன். கிருபை என்பது புரிந்தது, ஆசனம் புரியவில்லை. உடன்படிக்கைப் பெட்டியின் மூடி, வருடத்தில் ஒரு நாள் பிரதான ஆசாரியன் இரத்தம் தெளித்த இடம் என்று லேவியராகமம் 16-ஐத் திறந்து காட்டினேன். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் அதே பாட்டைப் பாடும்போது கண்ணை மூடவில்லை, வரியைப் பார்த்துக்கொண்டே பாடியது.

அதனால், பாட்டுக்கு முன் நீங்கள் பேசுகிற அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதை இதற்குப் பயன்படுத்துங்கள். "எல்லாரும் இன்னும் சத்தமாக, இன்னும் உற்சாகமாக" என்று சபையைத் தள்ளுவதை விட்டுவிடுங்கள். பாட்டு எந்தப் பகுதியிலிருந்து வருகிறதோ அதிலிருந்து நான்கு வசனம் வாசித்து, கடினமான ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள், போதும். பழைய மொழிபெயர்ப்பு நாக்கில் நிற்காவிட்டால், அதே பகுதியை எளிய தமிழில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பிலிருந்தும் வாசிக்கலாம். 1995-இல் வந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு, அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

வசனத்தை அப்படியே பாட்டாக்கினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். போதாது, தம்பி. வசனம் இருக்கும், அதன் பொருள் இல்லாமல் போகும். "துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்" என்பது 22-ஆம் சங்கீதம் மூன்றாம் வசனம். இதை வைத்துக்கொண்டு, நாம் பலமாகத் துதித்தால் தேவன் இறங்கி வருவார் என்று எத்தனை மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சங்கீதத்தின் முதல் வசனம் என்ன? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சிலுவையில் இயேசு எடுத்த வார்த்தை. தேவன் தூரமாய்ப் போய்விட்டார் என்று கதறுகிறவன், அந்த இருட்டிலும் அவரைப் பரிசுத்தர் என்று அறிக்கை செய்கிறான். அதை நாம் சத்தத்தால் தேவனை வரவழைக்கும் சூத்திரமாக்கிவிட்டோம்.

எரேமியா 29:11-உம் இப்படித்தான். வருடக் கடைசி இரவு ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் சுற்றி வரும். ஆளுக்கு ஒன்று எடுப்போம், வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் ஒட்டுவோம். எனக்கு அந்த வழக்கத்தின்மேல் பிரியம் உண்டு, என் அம்மாவின் பழைய அட்டைகளை இன்னும் வைத்திருக்கிறேன். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்பது எல்லாரும் எடுக்க ஆசைப்படுகிற அட்டை. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். விடுதலைக்கு எழுபது வருடம் ஆகும் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. வாசித்தவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்", நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார் கர்த்தர். ரப்பர் தோட்டத்தில் மரம் நட்டு, பால் வெட்டி, கனியை யாரோ சாப்பிடப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் நாம். ஐந்தாம் வசனத்தை நம்மைவிட யார் ஆழமாகக் கேட்க முடியும்? அட்டையில் ஒரு வசனம் இருக்கட்டும். ஆனால் அந்த இரவே கடிதம் முழுவதையும் ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். மூன்று நான்கு நிமிடம்தான் ஆகும்.

இனி சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். பல வருடத்துக்கு முன், நான் ஆராதனை நடத்திய ஒரு ஞாயிறு. அந்த வாரம்தான் எங்கள் சபையில் ஒரு அக்காவின் மகன், பத்தொன்பது வயது, ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் விபத்தில் இறந்துபோனான். அடக்கம் வியாழக்கிழமை முடிந்தது. ஞாயிறு அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார், மூன்றாம் வரிசையில் நின்றார். என் கையில் இருந்தது ஐந்து கைதட்டுப் பாட்டுகள். புதன்கிழமை ஒத்திகை பார்த்ததை நான் மாற்றவில்லை. "எல்லாரும் சந்தோஷமாகக் கைதட்டுவோம்" என்று வேறு சொன்னேன். அவர் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன. சேலைத் தலைப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றார். அந்த ஆராதனையில் அவர் சொல்லக்கூடிய ஒரு வார்த்தைகூட இல்லை.

அன்று இரவு சங்கீதப் புத்தகத்தைத் திறந்தேன். 13-ஆம் சங்கீதம்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" அதன் தலைப்பைப் பார்த்தேன். இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட சங்கீதம். 22-உம் அப்படியே, ஆறுதலே இல்லாமல் முடிகிற 88-உம் அப்படியே. தனியறையில் அழுவதற்கு என்று நான் நினைத்திருந்த சங்கீதங்கள், பாட்டு நடத்துகிறவன் கையில் சபைக்காகக் கொடுக்கப்பட்டவை. அந்த இராகத்தலைவனின் இடத்தில் நான் நின்றுகொண்டு, கொடுக்கப்பட்டதில் பாதியை மறைத்து வைத்திருந்தேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் என்று பின்னால் வேதபாடத்துக்காகப் படித்தபோது தெரிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு பாட்டைக் குறைத்து 13-ஆம் சங்கீதத்தை வாசித்தோம், கீபோர்ட் இல்லாமல், மாற்றி மாற்றி. அக்கா அன்று வரவில்லை. அதற்கடுத்த மாதம் வந்தார். இன்றுவரை அவரிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒரு புலம்பல் சங்கீதம் இல்லாமல் நான் ஆராதனை அமைத்ததில்லை.

ஆமோஸ் 5-ஐயும் உங்கள் குழுவோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று தேவனே சொல்கிற இடம். அங்கே அவர் கேட்பது நல்ல பாட்டை அல்ல, நியாயத்தை. கூலி பாக்கி வைக்கிற முதலாளி முன்வரிசையில் கை உயர்த்தி நின்றால் அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளே கேட்பார்கள், கேட்கட்டும்.

நடைமுறைக்கு வருவோம். பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வசனம் தேடாதீர்கள். உங்கள் போதகரிடம் செவ்வாய்க்கிழமையே பிரசங்கப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லையென்றால் மரியாதையாகத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்தப் பகுதியைக் குழுவோடு சத்தமாக வாசித்துவிட்டுப் பிறகு பாட்டு தேடுங்கள். வரிசைக்கு ஏசாயா 6 நல்ல வழிகாட்டி. முதலில் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்ற தரிசனம். அதைக் கண்டவன், "ஐயோ! அதமானேன்" என்கிறான். பலிபீடத்து நெருப்பு உதட்டைத் தொடுகிறது, பாவம் நீங்குகிறது. அப்புறம்தான் "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்." நம் ஆராதனைகளில் முதலாவதும் கடைசியும் இருக்கும், நடுவில் உள்ள இரண்டும் காணாமல் போயிருக்கும். ஒரு பாவ அறிக்கைப் பாட்டோ, 51-ஆம் சங்கீதமோ, இரண்டு நிமிட மௌனமோ அங்கே வரட்டும்.

ஒவ்வொரு வரிக்கும் வசன எண் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வசனத்தின் சொல் ஒன்றுகூட இல்லாமல் வசனத்தின் பொருளை முழுசாகச் சொல்கிற பாட்டுகள் உண்டு. அதேபோல எல்லாப் பாமாலையும் ஆழமானது என்றும் நினைக்க வேண்டாம், வெறும் பழக்கத்தில் முணுமுணுக்கப்படுபவையும் அதில் உண்டு. ஆனால் மாதம் இரண்டு கீர்த்தனைகளையாவது உங்கள் குழுவே வாசிக்கட்டும். தாளத்தை மாற்றிக்கொள்ளலாம், சரணத்தை வெட்டாதீர்கள். "கச்சேரி" என்று சொன்ன அந்தப் பெரியவரையே கூப்பிட்டு, ராகத்தைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்து பசியாறும் நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்.

வேத வாசிப்பை இந்த மாதமே தொடங்கலாம். உங்கள் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள், தடுமாறி வாசிக்கிறவராக இருந்தாலும் பரவாயில்லை. பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வியாழக்கிழமை கையில் கொடுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களிடம் மூன்று முறை சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர்கள் உச்சரிப்பைத் திருத்துவார்கள். சனிக்கிழமை ஒத்திகையில் மைக்கில் ஒருமுறை வாசிக்கட்டும். ஞாயிறு அந்தப் பிள்ளை வாசிக்கும்போது கீபோர்ட் பின்னணியில் ஒன்றும் வாசிக்க வேண்டாம்.